தாயின் வாய்ச்சொல்

(மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இப்படியான மேடைகளில் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் வழக்கம். என்னை அழைத்தபோது, நான் வைத்தியரும் அல்ல, ஆராய்ச்சியாளரும் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். இந்த நகரத்து ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் இருபது வருடத்துக்கு மேல் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் நின்றவள் நான். நடுவில் நின்றவளுக்கு இரண்டு பக்கமும் கேட்டிருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்ல வந்திருக்கிறேன்.

இன்றைய பொருள், கருவில் இருக்கும் பிள்ளைக்கு மது பட்டால் என்ன ஆகும், அதைப்பற்றி ஆராய்ச்சி என்ன கண்டிருக்கிறது என்பது. அழைப்பிதழைப் பார்த்த ஒரு பெரியவர் வாசலிலேயே என்னை மறித்து, "எங்கட பொம்பிளையள் குடிக்கிறேல்லையே, தங்கச்சி. இது எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். ஐயா, நான் பேசப்போவது முழுவதும் உங்களுக்குத்தான் பதில்.

ஒரு வினைச்சொல்

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே விதிதான்: சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. கர்ப்பிணி முதல்முறை வரும்போது தாதி ஒரு படிவம் நிரப்புவார். வயது என்ன, முன்பு கரு கலைந்ததா, வீட்டில் யாருக்காவது சலரோகம் உண்டா என்று போகும் கேள்விகளுக்கு நடுவே மதுவைப் பற்றியும் ஒரு கேள்வி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அப்படியே தமிழாக்கினேன்: "நீங்கள் குடிப்பீர்களா?"

எதிரில் இருபத்துச் சொச்சம் வயதில் ஒரு பெண். பக்கத்தில் மாமி. பெண் வாய் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார்: "என்ன பிள்ளை இப்பிடிக் கேக்கிறீர்? அவள் நல்ல குடும்பத்துப் பிள்ளை." அதைப் பிரெஞ்சில் சொன்னேன். தாதி 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்தப் பெண் தன் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆனாலும் படிவத்தில் அவளுடைய பதில் ஏறிவிட்டது.

பிழை என்னுடையது. தமிழில் தேத்தண்ணியைக் குடிக்கலாம், கஞ்சியைக் குடிக்கலாம். எதை என்று சொல்லாமல் வெறுமனே "குடிப்பீர்களா" என்றால் அது ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணை. 'குடி குடியைக் கெடுக்கும்' என்று தமிழ்நாட்டில் போத்தலிலேயே அச்சிட்டு விற்ற சொல் அது. எங்கள் ஆண்களுக்கு மட்டும் மரியாதையாக வேறொரு வினைச்சொல் வைத்திருக்கிறோம். "அவர் பார்ட்டியில கொஞ்சம் எடுப்பார்" என்போம். ஆண் எடுப்பார், பெண் குடிப்பாள்.

பிறகு அனுபவமுள்ள ஒரு தாதியிடம் வேலைசெய்தபோதுதான் கேட்கும் முறை பிடிபட்டது. அவர் முதலில் மாமியையும் கணவனையும் வெளியே இருக்கச் சொல்வார். பிறகு, கர்ப்பம் என்று தெரிவதற்கு முந்திய கிழமைகளைப் பற்றிக் கேட்பார். நான் அதைத் தமிழில் இப்படிச் சொன்னேன்: "பிள்ளை தங்கினது தெரியமுதல், கலியாண வீடு, பிறந்தநாள் எண்டு போன இடத்தில வைன், பியர் ஏதும் எடுத்தனீங்களோ?" ஆண்களுக்கு வைத்திருந்த வினைச்சொல்லைப் பெண்ணுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். அன்று எதிரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்தனான் அக்கா. ரெண்டு தரம். அப்ப எனக்குத் தெரியாது." தாதி பேனையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். சொன்னது நல்லது, இனி எடுக்கவேண்டாம், பயப்படவும் வேண்டாம் என்றார்.

தாய் வாய் திறந்து சொல்லும் ஒரு சொல்லுக்கு வைத்தியத்தில் எவ்வளவு பெறுமதி என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆராய்ச்சியின் கதையும் அந்தச் சொல்லைச் சுற்றியே ஓடுகிறது.

நாந்து நகரமும் சியாட்டிலும்

1899இல் இங்கிலாந்தின் லிவர்பூல் சிறையில் வைத்தியராக இருந்த வில்லியம் சல்லிவன், மதுவுக்கு அடிமையான 120 பெண் கைதிகளிடம் அவர்களது பிள்ளைகளைப் பற்றி விசாரித்து எழுதினார். அந்தத் தாய்மாருக்கு ஏறத்தாழ 600 பிள்ளைகள். அவர்களில் இறந்து பிறந்தவையும் குழந்தையிலேயே இறந்தவையும், மது தொடாத உறவுப் பெண்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு. கர்ப்பமாக இருந்தபோது சிறைக்குள் அடைபட்டு மது கிடைக்காமல் போன தாய்மாரின் பிள்ளைகள் ஒப்பீட்டளவில் நலமாக இருந்ததையும் அவர் கவனித்தார். அப்படியானால் குற்றம் பரம்பரையில் அல்ல, கர்ப்பத்தில் சேர்ந்த மதுவில். உலகம் இதைப் படித்துவிட்டு மறந்தது.

1968இல் பிரான்சின் நாந்து நகரத்தில் போல் லெமுவான் என்ற குழந்தை வைத்தியர், மதுப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளைகளின் முகம் ஒன்றுபோல இருந்தது, எடை குறைவு, படிப்பு ஏறவில்லை, ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள். கட்டுரை வந்தது ஒரு பிராந்திய மருத்துவ இதழில், அதுவும் பிரெஞ்சில். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிரெஞ்சில் சொன்னதை ஆங்கிலம் கேட்காமல் போன கதையை மொன்றியலில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1973இல், அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் லயன்ஸ் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இருவரும் தங்கள் குழுவினரோடு லான்செட் இதழில் 8 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்கு முன் அதே நகரத்தில் கிறிஸ்டி உலலண்ட் என்ற இளம் பெண் வைத்தியர், எடை ஏறாத குழந்தைகளின் தாய்மார் பலருக்கு மதுப்பழக்கம் இருப்பதைக் கவனித்திருந்தார். வைத்தியத்தில் இந்தப் பாதிப்புக்குப் பெயர் வந்தது அந்த 1973இல்தான். நாந்து கட்டுரை பிறகுதான் தேடிப் படிக்கப்பட்டது. இன்று இதன் முழு வரிசையையும் சேர்த்து ஆங்கிலத்தில் எஃப்.ஏ.எஸ்.டி. என்கிறார்கள். இங்கே பிரெஞ்சில் டி.எஸ்.ஏ.எஃப். நான் தமிழில் 'கருவில் மதுப் பாதிப்பு' என்றே சொல்கிறேன்.

சில நாள் முகம், ஒன்பது மாத மூளை

தாய் எடுக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகத் தடையில்லாமல் பிள்ளைக்குப் போகிறது. தாயின் இரத்தத்தில் உள்ள அளவு பிள்ளையின் இரத்தத்திலும் ஏறுகிறது. அதை உடைக்கும் வலு பிள்ளையின் ஈரலுக்கு இன்னும் வரவில்லை. பனிக்குட நீரிலும் மது தங்குகிறது. பிள்ளை அந்த நீரையே திரும்பத் திரும்ப விழுங்குகிறது. தாய்க்குத் தெளிந்த பிறகும் பிள்ளைக்குத் தெளிவதில்லை.

முகத்தில் மூன்று அடையாளங்கள் சொல்வார்கள்: கண் பிளவு குறுகியிருக்கும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மழுங்கியிருக்கும், மேலுதடு மெல்லியதாக இருக்கும். 1981இல் அமெரிக்காவில் கத்லீன் சூலிக் எலிகளில் செய்த ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. மனிதக் கருவில் மூன்றாம் கிழமைக்குச் சமமான அந்தச் சில நாட்களில் மது பட்டால்தான் இந்த முகம் வருகிறது. அந்த நாட்கள் தப்பினால் முகம் சாதாரணமாகவே இருக்கும். மூளை அப்படி அல்ல. ஒன்பது மாதமும் அது கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலம், நினைவைச் சேமிக்கும் இடம், உடம்பின் சமநிலையைப் பார்க்கும் சிறுமூளை எல்லாம் வெவ்வேறு காலத்தில் அடிவாங்கலாம். அதனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாது.

"ஒரு கிளாஸ் வைனுக்கு இவ்வளவா?" என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்லவேண்டும், அறிஞர்களுக்குள்ளேயே இதில் வாதம் உண்டு. 2012இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு, கர்ப்பத்தில் குறைவாக எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஐந்து வயதில் வித்தியாசம் காணவில்லை. 2020இல் அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 9,719 பேரை வைத்துச் செய்த ஆய்வு, குறைந்த அளவுக்கும் நடத்தைச் சிக்கல்களுக்கும் தொடர்பு கண்டது. இதுவரை ஆபத்தில்லை என்று கோடு போட்டுக் காட்ட ஒருவராலும் முடியவில்லை. அதனால்தான் 2023 ஜனவரியில் வந்த கனடாவின் மது வழிகாட்டல், கர்ப்பத்தில் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்கிறது. தெரியாமல் எடுத்தவளுக்கும் இதில் ஆறுதல் உண்டு. ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிப்பு வேறுபடும். நிறுத்திய நாளிலிருந்து பிள்ளைக்கு இலாபம்தான்.

தாய் சொன்னால்தான்

இனி நான் பார்த்த பல வீடுகளை ஒரு வீடாக்கிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சமையலறை மேசையில் எட்டு வயதுப் பெடியன் ஏழாம் வாய்ப்பாடு படிக்கிறான். திங்கட்கிழமை இரவு முழுவதும் ஒப்புவித்தான். செவ்வாய் காலை ஏழு ஐந்து எவ்வளவு என்றால், அப்படி ஒன்றைக் கேள்விப்படாதவன்போல விழிக்கிறான். வாய் நிறையக் கதைப்பான், கேட்பவர்கள் கெட்டிக்காரன் என்பார்கள். "சப்பாத்தைப் போட்டு, பையை எடுத்து, கதவடியில நில்" என்று மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றைத்தான் செய்வான். சட்டையின் லேபல் கழுத்தில் பட்டால் அழுவான். நேற்று எதற்கு ஏச்சு வாங்கினானோ அதையே இன்றும் செய்வான். தாய் "விளையாட்டுக் காட்டுறான்" என்கிறாள். தகப்பன் "ரெண்டு போட்டால் சரிவரும்" என்கிறார். ஆசிரியை கடிதத்துக்கு மேல் கடிதம் அனுப்புகிறார்.

இந்தக் குணங்கள் கவனக் குறைபாட்டிலும் வரும், ஓட்டிசத்திலும் வரும், காது சரியாகக் கேளாத பிள்ளைக்கும் வரும். பார்த்தவுடன் முடிவு கட்டமுடியாது. கனடா 2005இல் இதற்கான நோயறி வழிகாட்டலை வெளியிட்டு, 2016இல் திருத்தியது. அதன்படி வைத்தியர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் அடங்கிய ஒரு குழு நினைவாற்றல், மொழி, கவனம், திட்டமிடல், உணர்ச்சிக் கட்டுப்பாடு என்று மூளையின் 10 துறைகளை அளந்து பார்க்கும். குறைந்தது மூன்றில் கடுமையான குறை இருக்கவேண்டும். முகத்தில் மூன்று அடையாளமும் இருந்தால், தாய் சொல்லாவிட்டாலும் முடிவுக்கு வரலாம். முகம் சாதாரணமாக இருந்தால், கர்ப்பத்தில் மது பட்டது உறுதியானால் மட்டுமே முடிவுக்கு வரலாம்.

இதை இன்னொருமுறை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகத்தில் அடையாளம் இல்லை. அவர்களுக்குக் கதவு திறக்கிற சாவி தாயின் வாய்ச்சொல். மாமி பக்கத்தில் இருந்ததால் படிவத்தில் விழுந்த 'இல்லை', எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெடியனின் கோப்பிலும் 'இல்லை' என்றே நிற்கும். பெடியனுக்குப் 'பிடிவாதக்காரன்' என்ற பெயர் தங்கிவிடும்.

பெயர் சரியாகக் கிடைத்தால் என்ன இலாபம்? 1996இல் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்ற சியாட்டில் ஆராய்ச்சியாளர், இந்தப் பாதிப்புள்ள 415 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மனநலச் சிக்கலில் அவதிப்பட்டிருந்தார்கள். பலர் பள்ளியை விட்டார்கள், பலர் பொலிசில் மாட்டினார்கள். இவை பிறவியோடு வந்தவை அல்ல, விளங்கிக்கொள்ளாத உலகத்தில் வளர்ந்ததால் வந்தவை. அவற்றிலிருந்து காத்தவை என்று அவர் எடுத்துச் சொன்னவற்றில் இரண்டு: அடிக்கடி மாறாத அன்பான வீடு, ஆறு வயதுக்கு முன் நோயறிதல்.

தலைமுடியைக் கேட்டவர்கள்

தாயைக் கேட்காமலே உண்மையை எடுக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. ரொறன்ரோவின் பிரபலமான குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மதரிஸ்க் என்ற ஆய்வுகூடம் இருந்தது. பெற்றோரின் தலைமுடியில் மதுவின் தடயத்தையும் போதைப்பொருளின் தடயத்தையும் தேடும் சோதனையை அது செய்தது. பிள்ளைகள் பாதுகாப்பு நிறுவனங்கள் அந்த முடிவுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 2015 டிசம்பரில் முன்னாள் நீதிபதி சூசன் லாங் தந்த சுயாதீன அறிக்கை, 2005 முதல் 2015 வரை அங்கே செய்த முடிச்சோதனைகள் நீதிமன்றத்தில் நம்பத் தகுந்தவை அல்ல என்றது. அதன்பின் நீதிபதி ஜூடித் பீமன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1,271 வழக்குகளைத் தோண்டிப் பார்த்து, 56 வழக்குகளில் அந்தச் சோதனை முடிவைப் பெரிதும் பாதித்தது என்று 2018இல் அறிவித்தது. பல பிள்ளைகள் ஏற்கனவே தத்துப் போயிருந்தார்கள். திரும்பக் கிடைத்தது மிகச் சிலருக்கே.

மதுசாரம் கலந்த தலைமுடித் தெளிப்பான்கூட இவ்வகைச் சோதனையைக் குழப்பும். தாயின் சொல்லை நம்பாமல் தலைமுடியை நம்பியதற்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

"சொன்னால் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்ற பயம் எங்கள் வீடுகளில் இருப்பது எனக்குத் தெரியும். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997இல் வினிபெக்கிலிருந்து வந்த ஒரு வழக்கில், பசை முகரும் பழக்கமுள்ள கர்ப்பிணியைப் பிள்ளையின் பேரால் பலவந்தமாகச் சிகிச்சையில் அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்த்தது. தண்டனைக்குப் பயந்த தாய் வைத்தியரிடமே வரமாட்டாள். அப்போது தாயும் நட்டம், பிள்ளையும் நட்டம்.

யாருடைய நோய்?

கனடாவில் இந்தப் பாதிப்பை நெடுங்காலமாகப் பழங்குடி மக்களின் தலையில் மட்டும் கட்டிவைத்தார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த அரசு, அதனால் உடைந்துபோன குடும்பங்களில் வந்த மதுவைக் காட்டி அந்த மக்களையே குறைசொன்னது. 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு முன்வைத்த 94 அறைகூவல்களில் 33ஆவதும் 34ஆவதும் இதைப் பற்றியவை. ஒன்று தடுப்பை முன்னுரிமையாக எடுக்கச் சொல்கிறது. மற்றது, இந்தப் பாதிப்போடு நீதிமன்றம் வருபவர்களை வேறுவிதமாக நடத்தச் சொல்கிறது.

ஆனால் இது ஓர் இனத்தின் நோய் மட்டும் அல்ல. ஆராய்ச்சியாளர் ஸ்வெட்லானா பொப்போவாவின் குழு ரொறன்ரோப் பெரும்பாகத்துப் பொதுப் பள்ளிகளில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தது. 2019இல் வெளிவந்த அதன் கணக்குப்படி 1000 பிள்ளைகளில் 18 முதல் 29 பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கக்கூடும். நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வையுங்கள். எங்கள் பிள்ளைகள் படிப்பதும் இதேமாதிரிப் பொதுப் பள்ளிகளில்தான்.

இப்போது ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். 2019-21இல் இந்தியாவில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது எடுப்பதாகச் சொன்னவர்கள் 1.3 விழுக்காடு. ஆண்களில் 18.8. இலங்கையில் பெண்கள் மதுக்கடையில் வாங்கக்கூடாது என்ற பழைய தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாளுக்குள் ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஊரில் எங்கள் பெண்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் நாங்கள் ஊரில் இல்லை. இங்கே பியரும் வைனும் முக்குக் கடையில் பாலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகள் 18 வயதில் சட்டப்படி வாங்கலாம். வேலையிடத்து விருந்தில் ஒரு கிளாஸ், தோழியின் கலியாணத்துக்கு முதல்நாள் இரண்டு கிளாஸ் எடுக்கிற மகள், அதை அம்மாவிடம் சொல்வதில்லை. ஊரிலிருந்து வரும் அரிஷ்டங்களையும் மறக்கவேண்டாம். புளிக்கவைத்துச் செய்யும் மருந்து என்பதால் அவற்றிலும் மதுசாரம் உண்டு. கர்ப்பிணிக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

தகப்பன் எங்கே?

ஐம்பது வருடமாக ஆராய்ச்சி தாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது கண் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2023இல் டெக்சாஸில் மைக்கேல் கோல்டிங்கின் குழு எலிகளில் காட்டியது, கருத்தரிக்குமுன் தகப்பன் எலி எடுத்த மதுவும் குட்டியின் முக எலும்பு வளர்ச்சியை மாற்றுகிறது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 2013இல், இதே மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் சேரா கிமின்ஸின் குழு, ஃபோலேட் சத்துக் குறைந்த உணவுண்ட தகப்பன் எலிகளின் குட்டிகளில் பிறவிக் குறைகள் கூடுவதைக் கண்டது. தகப்பனின் உடம்பு எழுதிவைப்பதும் பிள்ளைக்குப் போகிறது. எலி மனிதன் அல்ல, உண்மைதான். மனிதரில் இன்னும் உறுதிசெய்ய நிறைய இருக்கிறது.

இங்கிருந்து சில மெட்ரோ நிறுத்தங்கள் தள்ளி இருக்கிற சென்-ஜூஸ்தின் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி மையத்தில் சேர்ஜ் மக்ரோவின் குழு இன்னும் முந்திய கட்டத்தைப் பார்க்கிறது. கரு எட்டுக் கலமாக இருக்கும்போது, கருப்பையில் ஒட்டுவதற்கும் முன்பு, பட்ட மது பிறகு வளரும் முன்மூளையில் மரபணுக்களின் மேல் வைக்கும் இரசாயனக் குறிகளை மாற்றுகிறது என்று 2021இல் எலிகளில் காட்டினார்கள். அந்த மாற்றம் ஆண் கருவிலும் பெண் கருவிலும் வேறுவேறாக இருந்தது. எந்தத் தாய்க்கும் அந்த நாளில் தான் தாய் என்று தெரிந்திருக்காது. தெரியாத நாளுக்கு அவளைக் குற்றம்சாட்ட உங்களால் முடியுமா?

எங்கள் மண்டபங்களில் நடக்கும் 'பேபி ஷவர்' விழாவை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணியின் கையில் வளையல், மேசையில் பலகாரம், பின்கதவடியில் கார் டிக்கியைத் திறந்துவைத்து ஆண்கள் போத்தலைச் சுற்றி நிற்கிறார்கள். ஒன்பது மாதம் அவளோடு சேர்ந்து தானும் எடுப்பதில்லை என்று தீர்மானித்த கணவன்மாரை என் தொழிலில் விரல்விட்டு எண்ணலாம். அந்த வீடுகளில் தாதியின் கேள்விக்கு மாமி பதில் சொன்னதில்லை.

இந்தப் பேட்டையில் செய்யக்கூடியது

மருந்து உண்டா என்றால், முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. கோலின் என்ற ஒரு சத்தைப் பற்றி ஆய்வு நடக்கிறது. மினசோட்டாவில் ஜெஃப்ரி வோஸ்னியாக்கின் குழு 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து, வருடங்கள் கழித்துப் பார்த்தபோது நினைவாற்றலில் சிறு முன்னேற்றம் கண்டது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் கோலின் உண்டு. முட்டை பரிகாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்குக் கியூபெக்கில் ஓ.எல்.ஓ. திட்டம் ஆரம்பத்தில் தந்தது முட்டையும் பாலும் தோடம்பழச் சாறும்தான். இம்மூன்றின் பிரெஞ்சுப் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஹட்சிசன் வீதியில் உள்ள சி.எல்.எஸ்.சி. என்ற உள்ளூர்ச் சுகாதார நிலையத்தில் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். பிச்சை என்று நினைத்துக் கேட்காமல் விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

அந்த எட்டு வயதுப் பெடியனுக்கு உதவுவது மருந்தைவிட வீடும் வகுப்பும்தான். மூன்று கட்டளையை ஒன்றொன்றாகச் சொல்லுங்கள். நாளாந்த ஒழுங்கைப் படமாக வரைந்து குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். நேற்றுத் தெரிந்தது இன்று மறந்தால் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். அடித்துத் திருத்தப் பார்க்கவேண்டாம். அவன் செய்யமாட்டேன் என்று நிற்கவில்லை, அவனால் முடியவில்லை. லெமுவான் தான் பார்த்த பிள்ளைகளில் 105 பேரை முப்பது வருடம் கழித்துத் தேடிப்பிடித்து 1992இல் எழுதினார். வளர்ந்த பிறகு முக அடையாளங்கள் மங்கிவிட்டன, பெரிய தொல்லையாக நின்றது மனமும் நடத்தையும். சிறு வயதில் நாங்கள் கொடுக்கும் பொறுமை அந்த வயதுக்குப் போய்ச் சேரும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. எடுத்திருந்தால் எடுத்தேன் என்று உங்கள் தாதியிடம் தனியாகச் சொல்லுங்கள். தனியாகப் பேசவேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் சுகாதார ஆலோசனை எண்ணான 811ஐ அழையுங்கள்.

தகப்பன்மாரே, பிள்ளை வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்த நாளிலிருந்து போத்தலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

மாமிமாரே, என் வயதுக்காரிகளே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை மருமகளோடு கிளினிக்குக்குப் போகும்போது, தாதி மெல்ல உங்களைப் பார்த்து, கொஞ்சம் வெளியில் இருங்கள் என்று சொல்வார். கோபப்படாமல் எழுந்து போங்கள். வெளியில் கதிரை இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் சொல்லப்போவது உங்கள் பேரப்பிள்ளைக்கு வேண்டியது.